அறுபத்தஞ்சுக்கு மேல சீட்டு கெடையாது

...இந்த ஜெகதீசன் என்ன அங்கிள்னு கூப்ட்டான் பாரு, அப்பவே எனக்கு டவுட்டு பாய். பதினெட்டு வருசமா "இன்னாண்ணே சுப்புராயண்ணே"ன்னு கூப்ட்டுகினு இருந்தவன். கேரம் கிளப்புக்கு செக்ரட்டரி ஆனதும் அங்கிளாம். "அங்கிள், ஒங்க ஆதார்ல அறுபத்தேழு காட்டுது அங்கிள். அறுபத்தஞ்சுக்கு மேல டூருக்கு சீட்டு கெடையாது அங்கிள். எல்லாம் ஒங்க சேஃப்டிக்குத்தான் அங்கிள்." மூச்சு உடறதுக்குள்ள நாலு அங்கிள். எங்கக்காகூட இத்தினி புள்ளைங்கள பெக்கல.

நவுந்து குந்து பாய், வெயில் ஏறுது. அந்த பேக்க இப்டி தள்ளு. இன்னா, கடைக்கா? சாத்தாங்காட்டுல இரும்பு விக்க போறவன் இவ்ளோ அத்தரு பூசிகினு போவியா... சரி, எனக்கின்னா.

நான் எதுக்கு குந்திகினு கீறேன்னு கேளு. ஒம்போது மணிக்கு வேன் இங்கதான் வருது, கிளப்பு வாசலுக்கு. எவன் எவன் ஏறுறான்னு கண்ணால பாக்கணும். நீயும் அதுக்குத்தான வந்த? தெரியும் பாய். ஒனக்கு நெசமாவே அறுபத்தேழு. எனக்கு ஆதார்ல மட்டும்தான் அறுபத்தேழு. ஆனா வயித்தெரிச்சல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

போன வருசம் ஏலகிரி போனமே. பதினாலு வளைவு. மூணாவது வளைவுலயே ஜெகதீசன் வாந்தி. நாப்பத்தோரு வயசு அவனுக்கு. ஏழாவது வளைவுல பின்சீட்டு பசங்க நாலு பேரு, வரிசையா, சொல்லி வெச்ச மாதிரி. கவரு புடிச்சது யாரு? நானு. எலுமிச்சம்பயம் மோந்து பாக்க குட்த்தது யாரு? நீ. இப்போ கவரு புடிச்சவனுக்கு சீட்டு இல்ல, கவர ரொப்புனவனுக்கு ஜன்னல் சீட்டு.

எங்க போனாலும் இதே பேஜாருதான் பாய். போன மாசம் எங்கூட்டுக்காரி நீலாவ இட்டுகினு தண்ணி பார்க்குக்கு போனேன். சறுக்கு மரம் ஒண்ணு, மூணு மாடி ஒசரம். தொண்ணூறு படி ஏறி மேல போறேன், அங்க ஒருத்தன் விசில் வெச்சிகினு நிக்கிறான். "அறுபதுக்கு மேல அலவ்டு இல்ல சார், ஹார்ட்டுக்கு ஆவாது. படி வழியா எறங்கிடுங்க." தொண்ணூறு படி ஏறி, அந்த தொண்ணூறு படியையும் எறங்குனா ஹார்ட்டுக்கு நல்லதாம். குந்திகினு சறுக்குனா கெட்டதாம். எந்த டாக்டரு சொன்னான்னு கேட்டேன். போர்டுல போட்டுகீதுன்றான். கீழ நீலா செல்லுல வீடியோ எடுக்க ரெடியா நிக்கிறா. நான் படியில வந்தத எடுத்து வெச்சிகீறா. தங்கச்சிக்கெல்லாம் அனுப்பிட்டா.

அத்த வுடு. இந்த டூரு வேற பாய். கோழிக்கோடு. எனக்கு ஒரே ஒரு ஆசதான், சிரிக்காத. சூரியன் கடல்ல முழுகுறத பாக்கணும். பொறந்ததுலேந்து நம்ம கடல்ல அது மேல வர்றததான் பாத்துகினு கீறேன். ஹார்பர்ல மூட்ட தூக்குறப்போ டெய்லி பாத்தேன். போவுறத எங்க பாத்தோம்? குடோனுக்கு பின்னால உழுது, கம்பெனி பொகைக்கு பின்னால உழுது. தண்ணில போய் உழுந்தா இன்னா சத்தம் வரும், இன்னா கலர்ல இருக்கும்... மலையாளத்தான் டெய்லி ஓசில பாக்குறான். நான் ஒரு வாட்டி பாக்கக் கூடாதா?

எவனோ ஒரு வெளங்காதவன் ரூலு போட்டான், நாம தெருவுல குந்திகினு கீறோம்.

இன்னா பாக்குற?

எவன் போட்டான்னா... மினிட்டு நோட்டுல இருக்கும். அத்த போய் எவன் படிக்கிறான். மீட்டிங் அன்னிக்கு நீ வாணியம்பாடி கல்யாணத்துக்கு பூட்ட... இன்னாது, படிச்சியா? முழுசாவா? முன்மொழிஞ்சவரு பேரு கூடவா?

...

பாய், டீ சாப்புட்றியா?

சரி. சரி, அப்டி பாக்காத. நான்தான். "மெம்பர்களோட சேஃப்டிக்காக"ன்னு எந்திரிச்சி பேசுனதும் நான்தான். அந்த சேஃப்டின்ற வார்த்தையே நான் ஜெகதீசனுக்கு குட்த்தது. இன்னிக்கு எனக்கே திருப்பி குட்த்துட்டான்.

உன்மேல எனக்கு இன்னா பாய் விரோதம்? ஒண்ணும் இல்ல. உன் கொறட்டை மேலதான். ஏலகிரில ஒரே ரூமு, ஞாபகம் கீதா? ஒருக்களிச்சி படுத்தா லாரி. மல்லாந்து படுத்தியோ, கப்பலு. நிஜ கப்பலு ஊதுறப்பவே மூட்ட மேல தலய வெச்சி தூங்குனவன் நானு. என்னால அன்னிக்கு கண்ண மூட முடியல. பாத்ரூமுல பாய் போட்டு படுத்தேன் பாய். மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல. ஒனக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்திமூணு. அறுபத்தஞ்சுல ஒரு கோடு போட்டா நீ அந்தாண்ட, நான் இந்தாண்ட. யாருக்கும் மனசு நோவாது. ஷோக்கா யோசிச்சேன்ல?

ஆதார மறந்துட்டேன்.

ஹார்பர்ல பதினெட்டு ஆனாத்தான் எடுப்பான். எனக்கு பதினாலு. எங்கப்பன் ஒரு டாக்டராண்ட இட்டுகினு போயி நாலு வருசம் ஏத்தி எழுதி வாங்கியாந்தான். ஒடம்பு மூட்ட தூக்குற ஒடம்பு, எவன் கேக்குறான். அதே சர்ட்டிபிகேட்டுதான் பென்சன் புக்குல, அதேதான் ஆதார்ல. இப்போ மாத்துனா பென்சனுக்கு பேஜாரு ஆயிடும், கம்முனு இருன்றா நீலா. அன்னிக்கு வயசு பத்தலன்னு ஏத்துனாங்க. இன்னிக்கு ஜாஸ்தின்னு எறக்கி வுட்டாங்க. நடுவுல சரியான வயசுன்னு ஒரு நாளாவது எனக்கு இருந்துச்சா பாய்?

லிஸ்ட்ட பாத்தேன், என் பேரு மேல செவப்பு கோடு. மேல கீழ ஒண்ணும் பாக்கல. அப்பவே வாட்சப் குரூப்ல இருந்து எகிறிட்டேன். ஒனக்கும் கோடு போட்டிருப்பான்... தோ, வந்துடுச்சி பாரு வேனு. முன்னால மாலைய பாரு, கல்யாண வண்டி மாதிரி. நாம இங்கயே கம்முனு குந்தி, மூஞ்ச திருப்பிக்குவோம். அப்பதான் அவனுங்களுக்கு ஒறைக்கும்.

இன்னா பாய் எந்திரிச்சிட்ட? பேக்க எதுக்கு தூக்குற?

வேன்லயா? ஒனக்கு அறுபத்தேழு பாய். காசிமேட்டுக்கே தெரியும்... இன்னா இது, ஆதாரா? கண்ணாடி எடுத்தாரல, நீயே படி. அறுபத்திநாலா? எப்டி?

ஒம்போது வயசுல ஸ்கூல்ல சேத்தாங்களா. ஒண்ணாங் கிளாஸுக்கு ஆறுதான் இருக்கணும்னு உங்க வாப்பா ஆறுன்னு சொல்ட்டாரா.

எங்கப்பன் நாலு ஏத்துனான், உங்க வாப்பா மூணு எறக்குனாரு. நான் போட்ட கோட்டுல நீ அழகா உள்ளார பூட்ட. இவ்ளோ நேரம் ஒரு வார்த்த சொன்னியா பாய் நீ? ...நான் எங்க கேப்பு வுட்டேன்ற. அதுவும் சரிதான்.

போ, போ. இரு... பாய், ஒண்ணே ஒண்ணு. கடற்கரைக்கு போனதும், சாயங்காலம் ஒரு ஆறரைக்கு, வீடியோ கால் போடு. உன் மூஞ்ச காட்டாத, அத்த காட்டு. கைய ஆட்டாம புடி. முழுசா முழுகுற வரைக்கும் கட் பண்ணாத. நான் பேச மாட்டேன், சத்தியமா. ஒரு வார்த்த பேச மாட்டேன்.

ரூமு யாரோட போட்டுகீறான்? ஜெகதீசனோடவா? தனியா, ரெண்டு பேரு மட்டும்?

நல்லா சாப்டு பாய். சாப்ட்டு, அலுப்பு தீர, மல்லாந்து படு.