உயிரோடு அனுப்பியது

கல்முனையில் பஸ் புறப்பட்டதும் முன்சீட்டில் ஒரு மாணவன் சொன்னான்: "உசிரோடதான் மச்சான் அனுப்பினன். அங்க போய்ச் செத்துப்போச்சி."

நான் பேப்பரை மடித்துவிட்டுக் காதை நீட்டினேன்.

"என்னத்தடா?" என்றான் பக்கத்தில் இருந்தவன். விரலில் கல்யாண மருதோன்றி இன்னும் போகவில்லை.

"ஓடிக்கொண்டிரிக்கிற புரோகிராம். இஞ்ச அம்பது மட்டும் எண்ணிப்போட்டு, வயருக்குள்ளால அடுத்த கம்பியூட்டருக்குப் போய் அம்பத்தொண்டில இருந்து எண்ணோணும். நாளைக்கு படிப்பிக்கிற சேருக்குக் காட்டாட்டி பெயில்."

"அது ஆரு, எப்பிடிப்பட்ட ஆள் எண்டு அந்த மெஷினுக்குச் செல்லிக் குடுத்தியா?"

"ஏன் செல்லோணும்?"

"நான் பொண்டாட்டி ஊட்டுக்குக் குடிபோக முந்தி, எனக்கு இறால் ஒத்துவராதெண்டு உம்மா அங்க போய்ச் செல்லிப்போட்டு வந்தா. சும்மா போயிருந்தா முதல்நாள் கறியிலயே செத்து மௌத்தாப் போயிருப்பன்."

"அல்லாவே! புரோகிராம்ட விவரமுள்ள பைல அங்க போடவே இல்ல!"

மாணவன் நிந்தவூரில் குதித்து, கல்முனைக்குத் திரும்பும் வேனைத் துரத்தி ஓடினான்.

அதை வாய்பிளந்து பார்த்திருந்ததில், நிந்தவூரில் இறங்க வேண்டிய நான் அட்டாளைச்சேனையில் இறங்கினேன். உயிரோடுதான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் நான் யாரென்று அங்கே ஒருவரும் சொல்லிவைத்திருக்கவில்லை.