பாங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள்

புத்தகங்களுக்கு ஒரு கூரையும் வாசிப்பவர்களுக்கு ஒரு காற்றாடியும் தேடித் தந்த வாசிகசாலைத் தலைவர் கதிர்காமநாதன் ஐயா அவர்களே, வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு ஈரக்காலோடு வந்து அமர்ந்திருக்கும் அக்கராயன் கமக்காரப் பெரியோர்களே, உலையைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தாலும் உரையை முழுதாகக் கேட்கப்போகும் தாய்மார்களே, சைக்கிளை விட்டு இறங்காமலே விழாப் பார்க்கும் பின்வரிசை நண்பர்களே, முன்வரிசையில் மூன்றாவது கதிரையில், இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் என் அம்மா விமலேஸ்வரி அவர்களே, எல்லோருக்கும் தவராசாவின் மகள் கஜேந்தினியின் வணக்கம்.

புதிய அலுமாரி திறக்கும் நாள். பிடித்த புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசு என்றார் ஐயா. பல்கலைக்கழகம் போனவள், காவியம் பேசுவாள் என்று நினைத்திருப்பார். நான் கொண்டுவந்திருப்பது இது. அட்டை கிழிந்தது. முதுகில் பசை விட்டது. பத்து வருடம் பழையது. தாய்லாந்துக்கான பயண வழிகாட்டி.

சிரிக்கிறீர்கள். ராசு அண்ணையும் சிரித்தார். வாசிகசாலைப் பொறுப்பாளர். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பெட்டியில் இது வந்தபோது அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "குளக்கட்டுப் பக்கம் போகவே ஆக்களுக்கு நேரமில்லை. தாய்லாந்துக்கு ஆர் போறது?" சொல்லிவிட்டு ஆடுகிற மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். இரண்டு வருடம் மேசை ஆடவில்லை. அப்போதும் இது பயன்பட்ட புத்தகம்தான்.

என் அண்ணன் பிரதாபன் சுவிஸில் இருக்கிறான். பதினான்கு வருடம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன், இங்கே வர முடியாது. அம்மா அங்கே போக இரண்டு முறை விசா கேட்டார். இரண்டு முறையும் இல்லை. இதை உங்களுக்கு விளக்க வேண்டுமா? இந்தப் பந்தலில் எத்தனை வீட்டின் கதை இது? கை உயர்த்தச் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றாம் நாடு ஒன்றில் சந்திப்பார்கள். தாய் ஒரு திசையிலிருந்து. பிள்ளை ஒரு திசையிலிருந்து. இருவருக்கும் சொந்தமில்லாத ஊரில் சொந்தம் கொண்டாடுவார்கள். எங்களுக்கு அந்த ஊர் பாங்கொக்; அம்மாவும் நானும் இங்கிருந்து, அண்ணன் அங்கிருந்து. அண்ணனுக்குக் கிடைத்த லீவு ஆறு நாள். பதினான்கு வருடத்துக்கு, ஆறு நாள்.

அப்பாவால் வர முடியவில்லை. காலபோக நெல் வயலில் நின்ற நேரம். எங்கள் தண்ணீர் முறை அந்தக் கிழமை. "ஆள் மெலிஞ்சிட்டானோ எண்டு மட்டும் பாத்து வந்து சொல்லுங்கோ" என்றார்.

வெளிநாடு போவதென்றால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. போய் வந்த ஒருவரைப் பிடிப்பது. வீரையா அண்ணர் மகளைப் பார்க்கத் தாய்லாந்து போய் வந்தவர். கேட்டோம். "என்ன இருக்கு தங்கச்சி. பிளேன் எறங்கும். சனம் போற பக்கம் போங்க. வாசல்ல புள்ள நிக்கும்."

இதுதான் எங்கள் முழுத் திட்டம். அம்மாவுக்கு இது போதும். "பளை றெயில் ஸ்ரேசன் மாதிரித்தானே. இறங்கினா ஒரு வாசல்." அண்ணனும் அப்படியே சொல்லியிருந்தான். "எயார்போட் வாசல்ல நிப்பன் அம்மா." அம்மா நேரம் கேட்டார். அவன் நேரம் சொன்னான். இடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் இந்த மேசைக்கால் நினைவு வந்தது. ராசு அண்ணை குனிந்து எடுத்துத் தந்தார். "கெதியாக் கொண்டு வா, மேசை ஆடப்போகுது."

பின்னேரங்களில் குசினியில் நான் வாசிப்பேன். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லுவேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். எந்த மாதம் மழை. எந்த ஆற்றில் எந்தப் படகு. கோயிலுக்குத் தோளை மூடிக்கொண்டு போக வேண்டும் என்று வாசித்தேன். "அது சொல்லித் தெரிய வேணுமே? நல்ல சனம் போல கிடக்கு" என்றார். அன்றிலிருந்து தாய்லாந்தில் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை.

அடுத்த பக்கம். இன்னதென்று தெரியாத பொடி எதையும் கொண்டு வராதீர்கள், அங்கே சட்டம் கடுமை. நான் அம்மாவின் பையைத் திறந்தேன். வெள்ளைப் பொடி. அரைக் கிலோ. கண்ணாடிப் பையில், இறுக்கிக் கட்டி.

"அது பொடியே? வற்றாப்பளை அம்மாளாச்சியின்ர திருநீறு."

"அம்மா, அது எனக்குத் தெரியும். பொலிசுக்குத் தெரியாது."

"பூசிக் காட்டுறன்."

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பைகளும் எனக்குத் தெரியும். கடைசியில் கோயிலின் பெயர் அச்சடித்த சின்னப் பொட்டலம் ஒன்று மட்டும் போனது.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது இருபத்துமூன்றாம் பக்கத்துக்கு வந்தோம். முதல் வரி. இந்த நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள் உள்ளன.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நான் எங்கள் ரிக்கற்றை எடுத்தேன். டொன் மியாங். அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சுவர்ணபூமி. இரண்டுக்கும் இடையில், வீதி நெரிந்தால், ஒன்றரை மணித்தியாலம். அவன் ஒரு வாசலில் நின்றிருப்பான். நாங்கள் ஒரு வாசலில் நின்றிருப்போம். இரண்டும் சரியான வாசல்.

அம்மா அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "திரும்பவும் அப்பிடியே?"

திரும்பவும் என்றால்? இரண்டாயிரத்து ஒன்பது, யுத்தம் முடிந்த வருடம். வவுனியா. அண்ணனுக்குப் பதினேழு வயது. எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், அவனை இன்னொரு பஸ்ஸில். ஒரு முகாமின் வேலியோரம் அம்மா பதினொரு நாள் நின்றார். வந்த பஸ் எல்லாம் பார்த்தார். அவன் பக்கத்து முகாமில் நின்றான். அதே மாதிரி வேலி. அதே பதினொரு நாள். நடுவில் ஒரு றோட்டு.

எந்த வாசலில் யார் என்று சொல்ல அன்றைக்கு ஒரு புத்தகம் இருந்ததா? ஒரு பக்கம் இருந்ததா? ஒரு வரி இருந்ததா? அந்த ஒரு வரியின் விலை தெரிந்த சனம் இந்த உலகத்தில் எங்களைவிட யார்?

போனில் பார்த்திருக்கலாமே என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். பார்த்திருக்கலாம் தம்பி. என்னவென்று கேட்டுப் பார்ப்பது? எத்தனை விமான நிலையம் என்று கேட்க, ஒன்றுக்கு மேல் இருக்கும் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். பளை ஸ்ரேசனில் இறங்கிப் பழகியவர்களுக்கு அது எப்படி வரும்? போன் நான் கேட்டதற்குப் பதில் சொல்லும். இந்தப் புத்தகம் எனக்குக் கேட்கத் தெரியாததற்குப் பதில் சொன்னது.

அண்ணன் காலையில் வந்து இறங்கினான். நேரே டொன் மியாங்குக்கு வந்தான். நாங்கள் வெளியே வந்தபோது பின்னேரம். மூன்றாம் வாசல். இரண்டு கதிரை. ஒன்றில் அவன், மற்றதில் அவனுடைய பை. யாரும் இருந்துவிடாமல் ஆறு மணித்தியாலம் அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

அம்மா போய் அந்தக் கதிரையில் இருந்தார். திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அவனுக்கு முன்முடி போய்விட்டது. "இவ்வளவு நெத்திக்கு நான் கொண்டந்தது காணாது" என்றார். பிறகுதான் மூவரும் அழுதோம். அன்றிரவே அப்பாவுக்குச் செய்தி போனது. ஆள் மெலியவில்லை. முடிதான் மெலிந்துவிட்டது.

இந்தப் புத்தகம் பிழையே விடாதது என்று சொல்ல மாட்டேன். இது புகழ்ந்த விடுதியைத் தேடிப் போனோம். அங்கே போன் உறை விற்கும் கடை இருந்தது. "பத்து வருசப் புத்தகத்தை நம்பியோ வந்தனீங்கள்?" என்று அண்ணன் இரண்டு நாள் சிரித்தான். ஆனால் ஓடுகிற ஆறு இடம் மாறவில்லை. படகு இது சொன்ன துறையில்தான் நின்றது. ஆறு நாளில் ஒரு மணித்தியாலத்தைக்கூட நாங்கள் வழி தேடித் தொலைக்கவில்லை. அந்த ஆறு நாளும் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது. இதற்கு மேல் ஒரு புத்தகம் என்ன செய்ய வேண்டும்?

இன்று இதைத் திருப்பிக் கொடுக்கிறேன். ராசு அண்ணை, மேசைக்கு ஒரு செங்கல் கொண்டுவந்திருக்கிறேன். புத்தகத்தை அலுமாரியில் வையுங்கோ. மேல்தட்டில் வேண்டாம், தாய்மார்களுக்குக் கை எட்டும் தட்டில். இந்த ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்கப் போய் வருகிற ஒவ்வொருவரும், எந்த நாடாக இருந்தாலும், ஒரு வரி எழுதி இதற்குள் வையுங்கோ. அடுத்துப் போகிற தாய் தெரியாத ஊரில் பிழையான வாசலில் நிற்கக் கூடாது.

முதல் வரி ஏற்கெனவே எழுதியாயிற்று. இருபத்துமூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், என் அம்மாவின் கையெழுத்தில். வாசிக்கிறேன்.

"டொன் மியாங். மூன்றாம் வாசலில் நில்லுங்கோ. கதிரை இருக்கு."

இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. போகிற இடமெல்லாம் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கட்டும். வணக்கம்.