மேலாடையைப் புரட்டி அணிந்த ஊர்

எங்கள் மலைநாட்டில் மழை பொய்க்கும் பருவத்துக்கென ஒரு மாண்பு உண்டு. அது ஆரவாரத்தோடு வருவதில்லை. காலையில் மேற்குச் சரிவில் ஒரு வெண்முகில் வந்து நிற்கும், நண்பகல்வரை நிற்கும், பிறகு, விருந்துக்கு வந்து உண்ணாமல் எழுந்த உறவினரைப் போல, ஒரு சொல்லும் சொல்லாமல் கடலை நோக்கி இறங்கிவிடும். படிப்படியாய் வெட்டிய வயல்களில் சோளத்தாள் நிறமிழந்து நிற்கும். கழுதைகளும் கத்துவதைக் குறைத்துக்கொள்ளும். தொழுகைக்கு அழைப்பவரின் குரலில் உலர்ந்த இருமலொன்று புகுந்துகொள்ளும். இறைவனின் பெயரை ஏந்தும் தொண்டைக்கும் நீர் வேண்டும் என்பது அந்நாட்களில்தான் எங்களுக்கு நினைவு வரும்.

அம்மையீர், தலைமையகம் என்னை விசாரிக்க உங்களை அமர்த்தியிருக்கிறது. பருவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் நடந்தவை யாவும் அப்பருவத்தில் நடந்தவை. உங்கள் முதுகுக்குப் பின்னால், சாளரத்தில், மழை பெய்வது என் திரையில் தெரிகிறது. இறைவனுக்கே புகழ்.

என் பெயர் முத்தஹ்ஹர். ஹஜ்ஜா மலைப்பகுதியில் உங்கள் நிறுவனத்தின் கள அலுவலகத்துக்குத் தலைவனாக இருந்தேன். உங்களுக்கும் எங்களுக்கும் இடையே நிலவிய உறவு புனிதமானது. வாரந்தோறும் நாங்கள் ஒவ்வொரு பணிக்கும் ஒரு நிறம் சூட்டி உங்களுக்கு அனுப்புவோம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பை அடிக்கடி அனுப்பிய அலுவலகங்கள் சிறிது காலத்தில் உங்கள் வரைபடத்திலிருந்து உதிர்ந்துபோயின. பொறுப்புக்கூறல் என்ற சொல்லை நீங்கள் செபமாலை உருட்டுவதுபோல் உருட்டினீர்கள். எங்களிடமிருந்து உங்களை நோக்கி அது தடையின்றி மேலே பாய்ந்தது. தண்ணீர்தான் மேலே பாய மறுத்தது.

பைத் நுஹைம் என்ற மலையூருக்கு ஆழ்துளைக் கிணறு ஒன்றும் சூரிய ஒளியில் இயங்கும் பம்பும் ஆண்டு முடிவதற்குள் அமைய வேண்டும் என்று டீத்மார் விரும்பினார். அவர் உங்கள் தலைமையகத்தில் எங்கள் நாட்டுக்குப் பொறுப்பாளர், கனிவானவர், எங்கள் நாட்டு மண்ணை ஒருமுறைகூட மிதித்ததில்லை, காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்கவில்லை. நிலத்தடி நீரை ஆராய்பவர் இன்னும் இரண்டு மாத அவகாசம் கேட்டார். ஆண்டோ இரண்டு மாதம் காத்திருக்கும் இயல்புடையதன்று. ஆகவே துளையிடும் வண்டி ஏறக்கூடிய இடம் எதுவோ அங்கேயே நீரும் இருக்கும் என்று நான் முடிவு செய்தேன்.

புழுதி வந்தது. பிறகு வெண்மையான புழுதி வந்தது. எங்கள் ஓட்டுநர் ஷவ்கி, வெற்றிலைபோல் கன்னத்தில் அதக்கிய காத் இலையோடு குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் போனா டீத்மார் சார் வீட்டு அடுப்பங்கரை வந்துரும். அங்கேருந்தே குழாய இழுத்துக்கலாம்."

அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிவப்பு அனுப்பினால் அலுவலகம் மூடப்படும். அதை நம்பி உண்பவர்கள் பல குடும்பத்தினர். அவர்களை எண்ணித்தான் அடுத்ததைச் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் வேறொரு ஊரில், வேறு யாரோ எப்போதோ அமைத்த பம்பு ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் அருகில் நின்று டீத்மாரைத் திரையில் அழைத்தேன்.

"பிரமாதம், முத்தஹ்ஹர். தண்ணி விழுற சத்தம் இங்கவரைக்கும் கேக்குது" என்றார்.

எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேளாத கேள்விக்குப் பொய் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

இதற்கிடையில் பைத் நுஹைமுக்கு உங்கள் நிறுவனம் முன்பிருந்தே அனுப்பிவந்த இரண்டு தண்ணீர் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒருவரும் தாகத்தால் வாடவில்லை. வயல்கள் மட்டும் வாடின. எனவே ஊரார் மழைத் தொழுகைக்குப் புறப்பட்டார்கள்.

அது எங்கள் மரபு. மழை பொய்த்தால் ஊர் முழுவதும் பழைய உடையில், ஆட்டையும் பிள்ளையையும் உடன் நடத்திக்கொண்டு, வெட்டவெளிக்குச் செல்லும். தொழுகை முடிந்ததும் முன்னிற்பவர் தம் மேலாடையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி அணிவார். பின்னிற்பவர்களும் அவ்வாறே செய்வார்கள். இறைவா, எங்கள் நிலையையும் இப்படிப் புரட்டிவிடு என்பது அதன் பொருள். புறங்கைகளை வானுக்குக் காட்டி அழுவார்கள். அந்த அழுகையில் பழைய துதிகளின் சந்தம் தானே வந்து அமரும். அதைக் கேட்டுக் கரையாத நெஞ்சை நான் கண்டதில்லை. அன்று முன்னின்றவர் ஊர்ப் பெரியவர் காயித் மாமா. கைபேசியில் அதைப் பதிவு செய்தவள் அஃப்ராஹ்; அவ்வூர்ப் பெண், எங்களுக்காக வீடுவீடாகச் சென்று சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவள், என்னை மரியாதையாய் உஸ்தாத் என்றழைப்பவள்.

"உஸ்தாத், இத அப்படியே அவங்களுக்குக் காட்டுங்க. பார்த்தாலே புரிஞ்சிரும்" என்றாள்.

காட்டினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அன்று மாலையே டீத்மார் அழைத்தார், கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரு பம்புக்கு இவ்வளவு நன்றியா? சட்டையக்கூட மாத்திப் போட்டுக்கிட்டுக் கொண்டாடுறாங்களே."

"எங்க ஜனங்க எதைச் சொன்னாலும் வானத்தப் பார்த்துத்தான் சார் சொல்வாங்க" என்றேன்.

அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. உங்கள் நகரத்தில், கொடையாளர்களின் ஆண்டு விருந்தில், அக்காட்சி வயலின் இசையோடு காட்டப்பட்டதாகவும், பலர் கைக்குட்டையைத் தேடியதாகவும் அறிந்தேன். ஓர் ஊரின் பஞ்சம் இத்தனை பேரை மகிழ்வித்தது அதுவே முதல்முறையாக இருக்கலாம்.

பிறகு தலைமையகம் தண்ணீர் வண்டிகளை நிறுத்தியது. ஊரில் போய்ச் சொன்னேன். காயித் மாமா கைத்தடியில் முகவாயை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா முத்தஹ்ஹர், எங்க தாகத்தை ஒங்க தொரைமாருங்க படத்துலயே குடிச்சிட்டாங்களா?"

"மேலிடத்து முடிவு மாமா. என் கையில என்ன இருக்கு?"

"ஒங் கையில கைபேசி இருக்கு. அதான் எங்களுக்கு வெனை."

ஊர்க் குளத்தில் அடிமட்ட நீர் இருந்தது, பச்சை நிறம். நிறத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இயலாது. ஆடுகளும் மனிதர்களும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உங்கள் புகார் எண்ணை எல்லா ஊர்ச் சுவர்களிலும் நாங்களே எழுதியிருந்தோம். அஃப்ராஹ் அதற்கு அழைத்தாள்: கிணறு இல்லை, தண்ணீர் வண்டி இல்லை, அதிகாரி பொய் சொல்கிறார். புகார் கடல் கடந்து உங்களிடம் வந்தது. புகார்களை மக்களுக்கு மிக அருகில் இருப்பவரே தீர்க்க வேண்டும் என்பது உங்கள் அழகிய விதி. ஆகவே அது மறுபடியும் கடல் கடந்து என் மேசைக்கு வந்தது. என்மீதான புகாரை விசாரிக்கும் பெருமை எனக்கே வாய்த்தது. அவளை அழைத்தேன்.

"ஒன் புகார் வந்துச்சும்மா, அஃப்ராஹ்."

"நான் மேல போட்டேன் உஸ்தாத். ஒங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அவங்க இங்கதான்மா திருப்பி அனுப்புவாங்க."

"அப்ப ஒங்களுக்கு மேல யாருதான் இருக்கா?"

"அல்லாஹ் இருக்கான்மா."

"அவன்கிட்டயும் போட்டிருக்கேன். அதுவும் ஒங்ககிட்டதான் வந்துச்சா?"

இந்தக் கேலியை நான் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டேன். பிறகு அவள் குரல் தணிந்தது. "சரி, அதெல்லாம் விடுங்க. நஸீமுக்கு நேத்துலேருந்து வயித்தால போகுது. கண்ணு உள்ள போயிருச்சு. ஆபீஸ் வண்டிய மட்டும் அனுப்புங்க உஸ்தாத், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுறேன். புகாரை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

நஸீம் அவள் மகள்; நான்கு வயது.

வண்டி புறப்பட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். தூய நீர் பாயும் ஊரில் அந்நோய் வருவதற்கு முறையில்லை. வண்டிக்கு மேலிடத்து அனுமதி இல்லை என்று சொல்லி, நீரைக் காய்ச்சிக் கொடுக்கும்படி அறிவுரை கூறினேன். ஷவ்கி சாவியோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு மணி நேரத்துல ஏறி எறங்கிடுவேன். யாருக்கும் தெரியாது."

வண்டியைக் கழுவச் சொல்லி அனுப்பினேன். காட்சியில் கண்ட ஊரை நேரில் காண விரும்பிய கொடையாளர் ஒருவர் மறுநாள் வருவதாக இருந்தது. வண்டி தூய்மையாக இருப்பது விருந்தோம்பலின் ஒரு கூறு. புகாருக்குரிய பதிலையும் அப்போதே அனுப்பினேன்: முறையிட்டவர் மனநிறைவு அடைந்தார்.

மறுநாள் கழுவிய வண்டியில் விருந்தினரைப் பள்ளத்தாக்கின் பம்புக்கே அழைத்துச் செல்வது என் எண்ணம். ஆனால் அவருடன் வந்த மொழிபெயர்ப்பாளப் பெண்ணின் தாய் எங்கள் நாட்டவளாம். அவள் வழியில் அக்காட்சியைத் தன் கைபேசியில் பார்த்தாள், மீண்டும் பார்த்தாள், பிறகு விருந்தினரின் காதில் ஏதோ சொன்னாள். "இது நன்றி சொல்றதில்ல. மழை இல்லாதப்போ எங்கம்மா ஊர்லயும் இப்படித்தான் அழுவாங்க" என்று என்னிடமும் சொன்னாள். வண்டியை மலைமேல் விடச் சொன்னார்கள். ஷவ்கி என் முகத்தைப் பார்க்காமலே வளைத்தான்.

நாங்கள் சென்று சேர்ந்தபோது நஸீமை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடியலுக்கு முன் இறந்திருந்தாள். இறுதித் தொழுகையில் நான் முதல் வரிசையில் நின்றேன்; ஓதுகையில் என் குரல் உடைந்தது, காயித் மாமாவே திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவ்வாரத்தில் மேலும் ஐந்து குழந்தைகள் போனார்கள். நஸீமின் அடக்கம் முடிந்து திரும்புகையில் அஃப்ராஹ் வீட்டு வாசலிலிருந்து சொன்னாள்: "மேல இருக்கவங்க தண்ணிய நிறுத்தினாங்க. நீங்க ஒருத்தராவது வந்து நின்னீங்களே, உஸ்தாத்."

அவள் இன்றும் அவ்வாறே நம்புகிறாள். நீங்கள் கேட்பது உண்மை என்பதால் உங்களிடம் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். தலைமையகம் நிறுத்தவில்லை. டீத்மார் என்னைக் கேட்டார். அவருடைய சொற்கள் எனக்கு நினைவிருக்கின்றன: "பம்பு ஓடுதுல்ல, வண்டிய நிறுத்திரலாமா? களத்துல இருக்கிறது நீங்க. சந்தேகமா இருந்தா இன்னும் ஆறு மாசம் ஓடட்டும், பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க."

நிறுத்திவிடுங்கள் என்றேன். பம்பு ஓடும் ஊருக்கு வண்டியும் ஓடினால் என்றாவது ஒருவர் ஏன் என்று கேட்பார். குளத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் அறிவேன். அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று ஊர்தோறும் சொல்லிக்கொடுப்பதே எங்கள் அலுவலகத்தின் வேலை. அறிந்தே சொன்னேன். அவரும் மனநிம்மதியோடு திரையை அணைத்தார். அந்த நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பிற்பகல் தொழுகைக்கு அழைக்கிறார்கள், சிறிது பொறுத்தருளுங்கள். இன்று குழாயில் நீர் வரவில்லை. மேசையில் புட்டிகள் உள்ளன. அவை விருந்தினருக்கு வாங்கியவை, எனக்கு உரியவையல்ல. நீர் கிடைக்காத இடத்தில் தூய மண்ணே போதும் என்று இறைவன் இரங்கியிருக்கிறான். இதோ, முற்றத்து மண்ணில் உள்ளங்கைகளைப் பதித்து முகத்தைத் தடவிக்கொண்டேன், கைகளையும் தடவிக்கொண்டேன். தொழுதேன். அக்குழந்தைகளுக்காகவும் தனியே வேண்டிக்கொண்டேன், ஒவ்வொரு பெயராக.

உங்களுக்காகவும் வேண்டினேன், அம்மையீர். உங்கள் ஊரில் மழை குறையாதிருக்கட்டும். உங்கள் அலுவலகங்கள் இவ்வுலகில் எத்தனை இடங்களில் உள்ளனவோ அத்தனை இடங்களிலும், உங்கள் உள்ளம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்ற நேர்மையான ஊழியர்களை இறைவன் உங்களுக்கு அருள்வானாக.