எச்சில் விரல்

பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். கூரைத் தகரம் அதிர்ந்து துரு தலையில் கொட்டியது. ஆனாலும் நகத்திடுக்கைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏன் உடனே ஓடி வரவில்லை என்று கேட்டீர்களே ஐயா, காரணம் அதுதான். பாதி கழுவிய கையோடு எங்கும் போய் எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் வேலை காற்றுத் தொட்டிகளைச் சோதிப்பது. பஞ்சர் கடை, பெயின்ட் பட்டறை என்று எல்லா இடத்திலிருந்தும் வரும். முதலில் தொட்டி நிறையத் தண்ணீரை ஏற்றி அழுத்திப் பார்க்கவேண்டும். அது என் வேலை. உள்ளே தண்ணீர் இருந்தால் தகடு கிழிந்தாலும் பீச்சியடிப்பதோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகாது; காற்று என்றால் குண்டு மாதிரி வெடிக்கும். தாங்கிவிட்டால் சாக்பீஸால் ஒரு டிக் போடுவேன். டிக் விழுந்த தொட்டியில் கொஞ்சம் காற்றை அடைத்து, வெல்டிங் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். அது அக்கா புருஷனின் வேலை.

அவர் சோப்புத் தண்ணீர் தடவமாட்டார். நடுவிரலை வாய்க்குள் விட்டு, கடைவாய் வரைக்கும் துழாவி, நூல் நூலாக இழுத்து வந்து வெல்டிங்கில் பூசுவார். மதியச் சாப்பாட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து ஒட்டும். அப்புறம் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து குமிழியைத் தேடுவார்.

"அசிங்கமா இருக்கு மாமா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம சொந்தத் தயாரிப்பு மாப்ள, தீரவே தீராது," என்று அதே விரலால் என் கன்னத்தைத் தட்டினார். "உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும். பொண்டாட்டியையே கழுவித் துடைச்சிட்டுத்தான் தொடுவ."

பட்டறையே சிரித்தது. கன்னத்தில் ஈரம் காயும்வரை நானும் சிரித்தேன்.

ஒரே வீட்டில்தான் இருந்தோம். அங்கேயும் அந்த விரல் சும்மா இருக்காது. பாத்திரத்துக்குள் போகும், குழந்தையின் வாய்க்குள் போகும், அக்காவின் கழுத்தில் ஊரும். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பொறுத்துக்கொள்கிறாள் என்று நானாகவே புரிந்துகொண்டேன். அவளுக்காக யாராவது ஏதாவது செய்யத்தானே வேண்டும்?

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. குமிழி சீக்கிரம் தெரியட்டும் என்று, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை காற்றை ஏற்றுவார். தண்ணீரில் தாங்கிய தொட்டிகள் என்பதால் இதுவரை எதுவும் நடந்ததில்லை. என் டிக்கை அவ்வளவு நம்பினார். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அன்று ஒரு பழைய தொட்டி வந்தது. தண்ணீரை அழுத்தும்போதே அடிப்பக்கம் வயிறு மாதிரி உப்பியது. வெல்டிங் ஓரத்தில் துரு பொரிந்து உதிர்ந்தது. உடைத்துப் போடவேண்டிய தொட்டி. நான் தண்ணீரை வடித்தேன். துணியால் சுத்தமாகத் துடைத்தேன். டிக் போட்டேன்.

"இந்தக் கிழவன் தேறிட்டானா மாப்ள?" என்று தொட்டியைத் தட்டியபடி கேட்டார்.

"தேறிட்டான் மாமா."

அவர் காற்றைத் திறந்துவிட்டு விரலை வாயில் விட்டார். அதற்குமேல் பார்க்கச் சகிக்காமல் குழாயடிக்குப் போய்விட்டேன்.

முகம் இருந்த இடத்தைப் பற்றி டாக்டர் எழுதியிருப்பார், நான் சொல்லத் தேவையில்லை. அந்த விரல் மட்டும் முழுசாக இருந்தது, ஈரம்கூடக் காயாமல். ஒரு பழந்துணியைப் போட்டு மூடினேன்.

நேற்று அக்கா என்னைப் பார்க்க இங்கே வந்தாள். எல்லாம் அவளுக்காகத்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இனி வீட்டில் எதையும் அருவருப்பில்லாமல் தொடலாம் என்றேன். கம்பியைப் பிடித்தபடி, அழாமல், முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நாலு பேர் கை பட்டா அழுக்காயிடும்னு சோப்புத் தண்ணி டப்பாவை அலமாரில வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு அலைஞ்சது நீ. வேற வழியில்லாமத்தானேடா அந்த மனுஷன் எச்சிலைத் தொட்டாரு?"