தேயாத ஊன்றுகோல்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். அடுத்து, இதெல்லாம் நிஜமா என்பார்கள். இரண்டுக்கும் பணிவாகப் பதில் சொல்வது என் வேலை, ஐயா. பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவிக்கு வழிகாட்டி என்று பெயர். மாணவர்கள் என்னைக் கதை சார் என்பார்கள்.

சனிக்கிழமை காலைகளில் ஒரு பொருளை எடுத்துவைத்து அதன் கதையைச் சொல்வேன். எங்கள் அலமாரிகளில் இருப்பவை பெரும்பாலும் துறைகள் இடம் மாறும்போது விட்டுப்போனவை. ஒரு தராசு, கண்ணாடி உடைந்த தொலைநோக்கி, பல் மருத்துவர் நாற்காலி. எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒரு பொருளின் அருகில் நின்று தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். ஆட்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் ஏதாவது சொல்வேன்.

குழந்தை அளவில் ஒரு மர ஊன்றுகோல் இருந்தது. கால் சூம்பிய தன் மகளுக்காக ஒரு தச்சர் அதைச் செய்தார், அவள் வளர வளர அடியில் துண்டு சேர்த்தார், பிறகு சேர்க்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.

பச்சைப் பையோடு ஓர் அம்மா வாராவாரம் வருவார். முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, “இன்னிக்கு அந்தப் பாப்பா கதை உண்டா சார்?” என்பார். மகளை இழந்தவர். கேட்டதில்லை. முகத்திலேயே தெரிந்தது.

காப்பாளர் போன வருடம் வந்தார். சின்ன வயது. நல்ல பெண். அவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு மதியம் ஊன்றுகோலை என் மேஜைமேல் தலைகீழாக நிறுத்தினார்.

“சார், இந்த ரப்பரப் பாருங்க. தேயவே இல்ல.”

“சின்னக் குழந்தைம்மா. கனம் இருந்திருக்காது.”

“நடந்துச்சா, பறந்துச்சா அந்தக் குழந்தை?” சிரித்தார். “தச்சுப் பட்டறைப் பசங்க பரீட்சைக்குச் செஞ்சது சார். மார்க் போட்டது கூட அழியாம இருக்கு. இத யாரும் ஊனி நடந்ததே இல்ல.”

“அடியில் துண்டு சேர்த்திருக்கே?”

“மரத்தோட மரம் சேக்கத் தெரியுதான்னு பாக்கறதுதான் பரீட்சையே.”

அவர் கோபப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை இதை நானே சொல்ல வேண்டும் என்றார். “நீங்க சொன்னாத்தான் ஜனங்க கேப்பாங்க சார். இத்தனை நாள் தப்பா சொல்லிட்டேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிடுங்க.”

“அந்த அம்மா வருவாங்களே.”

“அவங்களுக்கும் தெரியட்டுமே.”

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். நான் சொன்னால் அந்த அம்மாவின் மகள் இன்னொரு முறை போவாள். நான் சொல்லாவிட்டால் காப்பாளர் சொல்வார். நான் வேலையை விட்டாலும் அவர் சொல்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கதை சொல்கிறவனை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவன் சுதந்திரமானவன் என்று நினைக்கிறார்கள்.

பூச்சி அரித்த மரப்பொருள்களை வைத்து நச்சுப்புகை அடிக்க எங்களிடம் மருந்தறை என்று ஒன்று உண்டு. இரும்புக் கதவு. காற்று கசியக் கூடாது என்று உள்பக்கம் கைப்பிடி வைக்கவில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் உள்ளே அடுக்குவார், இன்னொருவர் வாசலிலேயே நிற்பார். நிற்பவர் தும்மக்கூட நகரக் கூடாது என்று கிண்டல் செய்துகொள்வோம்.

அந்தச் சனிக்கிழமை காலை காப்பாளர் உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், வாசல்ல இருக்கீங்கல்ல?”

“இருக்கேம்மா.”

கதவை மூடினேன். தாழைத் திருகினேன். மருந்தைத் திறந்தேன். மூன்றும் தனித்தனி வேலைகள், ஐயா. நடுவில் யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன்.

பிறகு கூடத்துக்கு வந்தேன். ஆட்கள் காத்திருந்தார்கள். ஊன்றுகோலின் கதையை எப்போதும்போலச் சொன்னேன். தச்சர் இரண்டாவது துண்டைச் சேர்க்கும்போது சுவரோரக் குழாயில் சத்தம் வந்தது. மருந்தறையிலிருந்து வரும் குழாய்.

“யாரோ தட்டறாங்களே சார்?” என்றார் அந்த அம்மா.

வெயில் ஏறினால் குழாய் நீளும், அந்தச் சத்தம் என்றேன். அது மட்டும் போதாது என்று பட்டது. இதைப் பொருத்திய குழாய்க்காரருக்குக் கண் தெரியாத மனைவி. அவர் அருகில்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிவதற்காக, வேலை செய்கிற நேரமெல்லாம் குழாயைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். இன்னும் தட்டுகிறார் என்றேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தாள். எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். சத்தம் மெதுவாகி நின்றது.

“சாப்பிடப் போய்ட்டார்” என்றேன். சிரித்தார்கள்.

அந்த அம்மாவுக்காகத்தான் செய்தேன். முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன். நேற்று நீங்கள் அவரை விசாரித்துவிட்டு வந்து, அவர் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

“எம் பொண்ணு செத்துட்டாளா? யார் சொன்னது? வெளியூர்ல வேலை பாக்கறா, நல்லா இருக்கா. பாவம் மனுஷன், ஆசையாச் சொல்றாரேன்னு போய் உக்காருவேன். அவர் சொன்னதுல ஒண்ணையும் நான் நம்பினதில்ல. அந்தக் குழாய்க்காரர் கதைய மட்டும் நம்பித் தொலைச்சிட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கணும்.”

படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். மகள் விஷயத்தில் அவர் பொய் சொல்கிறார், ஐயா. அவ்வளவு வலி. மற்ற கதைகளை நம்பவில்லை என்பதும் பொய்தான். குழாய்க்காரரை நம்பினேன் என்றாரே, அது மட்டும் உண்மை.