கெட்டிமேளத்தில் நின்றுபோன சிடி

சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது ஐயா. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். பழைய பனியன் துணி நல்லது. இது தெரியாமல் பாதிப் பேர் சிடியைக் கெடுத்துவிட்டு, எழுதிக் கொடுத்தவனைக் குறை சொல்கிறார்கள்.

என் பெயர் மணிகண்டராஜ். திருத்தங்கலில் வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் சூப்பர்வைசர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் பாட்டு சிடி எழுதிக் கொடுத்துவருகிறேன். காசு வாங்குவதில்லை. சிடியின் மேல் ஒட்டுவதற்கு அச்சகத்திலேயே வட்ட லேபிள் அடித்துக்கொள்வேன். கெட்டியான ஆர்ட் பேப்பர், நான்கு கலரில் குத்துவிளக்கு, கீழே ‘அன்பளிப்பு: மணிகண்டராஜ்’. பசை தடவி என் கையாலேயே ஒட்டுவேன். வாங்கிப் போன எல்லோரும் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னால் போதாதா? நான் போட்டுப் பார்த்ததில்லை.

அய்யாதுரை அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். வெடி கம்பெனி முதலாளி, கனத்த உடம்பு, நடந்து வந்தால் தெரியும். அவர் மகள் யோகேஸ்வரியின் கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் சூலக்கரை தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. அண்ணாச்சி என்னைத் தேடினார்.

“ஏலே மணி, மேளச் சத்தம் எதும் வச்சிருக்கியாலே?”

சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். போட்டார்கள். கெட்டிமேளம் நன்றாகத்தான் எடுத்தது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோன சமயத்தில் ஒரே அடியில் சிக்கிக்கொண்டது. டுடுடுடு என்று அங்கேயே நின்றது. மேளம் முடியாமல் முடிச்சுப் போடலாமா கூடாதா என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஐயர் தூக்கிய கையை இறக்கவில்லை. கடைசியில் பெண்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலிலேயே தாலி ஏறியது.

அண்ணாச்சி மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இவன் சிடியை நம்புனா மாப்பிள்ளைக்குத் தாலி கட்டுததுக்குள்ள நரைச்சிரும்,” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபமில்லை ஐயா. குறை என்று ஒருவர் சொன்னால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுப்பது என் கடமை.

மறுநாளே அவர் வீட்டு மாடி ஹாலுக்குப் போனேன். அவருடைய பிளேயரிலும் அதே இடத்தில் நின்றது. சிவகாசியில் வெற்று சிடி விற்கிற சம்சுவிடம் கேட்டேன். வேகமாக எழுதினால் பழைய பிளேயர் படிக்காது என்றான். வேகத்தைக் குறைத்து எழுதினேன். கம்ப்யூட்டர் ஃபைலாகப் போடாமல் பாட்டு சிடியாக எழுதி, கடைசியில் மேற்கொண்டு எதுவும் எழுத முடியாதபடி மூடிவிட வேண்டும் என்றான்; மூடினேன். அண்ணாச்சி பிளேயரின் லென்ஸைத் துடைத்தேன். பிறகு என் சொந்தப் பிளேயரையே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தேன். அப்படியும் நின்றது.

“அண்ணே, அந்த லேபிளை ஒட்டாமக் குடுத்துப் பாருங்க,” என்றான் சம்சு. “பசை ஒரு பக்கம் கனத்திருச்சின்னா சுத்தும்போது சிடி ஆடும்லா.”

பெயர் இல்லாமல் அன்பளிப்பு கொடுப்பது எப்படி? அது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சிடி நிற்கும்போதெல்லாம் அண்ணாச்சி ஹாலில் நடந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், ஓடியது. எழுந்திருக்கச் சொன்னேன், நின்றது. உட்கார்ந்திருந்தபோதும் ஒருதரம் நின்றது உண்மைதான். அப்போது அவர் காலை ஆட்டினார்.

பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“என் வீட்டுல நான் நடக்கக் கூடாதாலே?” என்றார் அண்ணாச்சி. “காங்கிரீட் தரைலே இது. யானை நடந்தாலும் ஆடாது.”

படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. அதனால் மாடிப்படியின் மேல்படியில் விளக்கெண்ணெய் தடவினேன். நல்லெண்ணெயைவிட அது மெதுவாகக் காயும்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து கூட்டிவந்து கீழறையில் படுக்க வைத்தார்கள். பிளேயரை அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சிடி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய மனைவி சொர்ணலட்சுமி மதினி அதைப் பார்த்துவிட்டு, “சொந்தக்காரக கூட இப்படி வந்து பாக்கல தம்பி,” என்று காப்பி கொடுத்தார்கள். தினமும் போனேன். தினமும் போட்டேன். குணமாகிறவருக்கு நல்ல இசை வேண்டும்.

படுத்தே கிடந்ததில் அண்ணாச்சிக்குச் சளி கட்டியது. இருமல் வந்தது. இருமும்போது கட்டில் ஆடியது, கட்டில் ஆடினால் பிளேயர் ஆடாதா? மறுபடியும் கெட்டிமேளத்தில் சிக்கியது. பாட்டு முடிகிறவரைக்கும் இருமலை அடக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

“இருமாம எப்படிலே இருக்கது?” என்றார். பிறகு மெல்ல, “மணி, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். அதை நிப்பாட்டு,” என்றார்.

பாதியில் நிறுத்தினால் குறை எங்கே என்று எப்படித் தெரியும்? தலைமாட்டில் இன்னொரு தலையணை இருந்தது. அதை அவர் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கைகளை அசைத்தார், முதலில் நிறைய, பிறகு கொஞ்சம். கெட்டிமேளம் முழுதாக ஓடியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. வேண்டுமானால் மதினியைக் கேட்டுப் பாருங்கள். அடுக்களையிலிருந்து, “இன்னைக்குச் சிடி நல்லா ஓடுதே தம்பி,” என்று குரல் கொடுத்தார்கள்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை, அந்த நேரத்தில் பேச்சு வளர்ப்பது மரியாதையில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்காகப் பக்திப்பாட்டு சிடி ஒன்று புதிதாக எழுதி, லேபிள் ஒட்டிக் கொண்டுபோனேன். பாதியில் நின்றது. கூட்டத்தில் யாரோ, “மணி சிடின்னா நிக்கத்தான செய்யும்,” என்றார்கள்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இது இனிமேல் நிற்பதற்கு வழியே இல்லை, ஆட்டிய காரணத்தை நானே எடுத்துவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். எண்ணெயைச் சொன்னேன், தலையணையையும் சொன்னேன். பாராட்ட வேண்டாம், புரிந்துகொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். மதினி கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அந்த அதிர்விலும் ஒருமுறை நின்றது, நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஞானசுந்தரி வாசலில் நின்று, “லேபிளைக் கிழிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே,” என்று அழுததாகச் சொல்கிறார்கள். அவளுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் போதாது.

சற்றுமுன் நீங்களும் அந்தக் கெட்டிமேளச் சிடியை இங்கே போட்டுப் பார்த்தீர்கள். நின்றது. உங்கள் மேல் தப்பில்லை ஐயா. அந்த நேரம் பார்த்து ஏட்டையா டீ எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்தார். நல்ல மனிதர், எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். ஆனால் கனத்த ஆள்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அதற்கு முன் அவரை ஓரிடமாக உட்காரச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிறவராகத்தான் தெரிகிறார். அண்ணாச்சியிடமும் நான் முதலில் சொல்லத்தானே செய்தேன்.