பதினோரு அடுப்பும் ஒரே தோப்பும்

அவைக்குத் தலைமை ஏற்று, அமைதியே அணிகலனாய் அமர்ந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, இந்த நாலு ஏக்கர் நெல்லித் தோப்பின் உரிமையாளர் சீதாமகாலட்சுமி அம்மா அவர்களே, கோதாவரிக் காற்றைக் கொண்டையில் முடிந்து வந்திருக்கும் தாய்மார்களே, பசியையும் பொறுத்துப் பந்தலில் வீற்றிருக்கும் பெரியோர்களே, உங்கள் வார்டு உறுப்பினர் சூரிபாபுவின் வணக்கம்.

அங்கே யாரோ, "சுருக்கமா முடிப்பா, புளிஹோராச் சோறு ஆறுது" என்கிறார். ஆறினால்தான் அண்ணே அதற்கு ருசி. கொஞ்சம் பொறுங்கள்.

கார்த்திகை மாதம் வந்தால் வனபோஜனம் என்று நெல்லி மரத்தடியில் இலை போட்டு உண்கிறோம். அந்த ஒரு நாள்தான் ஆற்றங்கரையை அடைத்து நிற்கும் இந்த மதில் நமக்குத் திறக்கிறது. மற்ற நாளெல்லாம்? நதி பாயும் ஊரில் பிறந்தோம், நதி பார்த்தோமா? அலையின் ஓசை கேட்டோம், அலையைத் தொட்டோமா? நான் கனவு காண்கிறவன். துணி தேய்க்கும்போதே கனவு கண்டு, இந்தத் தலைவரின் சட்டையையே கருக்கியவன். அவர் சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

என் கனவில் இந்த மதில் இல்லை. பனி படர்ந்த படித்துறையில், பகல் முழுதும் உழைத்த பெண்கள் பாதம் நனைத்து அமர்ந்திருக்கிறார்கள். படகு ஒன்று பாதி தூக்கத்தில் மிதக்கிறது. யார் வீட்டுக்காரி, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் என் கனவு.

அதை நனவாக்க, இந்தத் தோப்பை வாங்கிப் பொதுப் பூங்காவாக்க நகரமன்றம் முன்வந்தது. விலையும் பேசியாகிவிட்டது. போன மாதம் தோப்புக்கார அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கப் போனேன்.

"சூரிபாபு, தோப்புல இந்த வருஷம் எத்தனை அடுப்பு?" என்று கேட்டார்.

"பதினொண்ணும்மா. சாதிக்கு ஒண்ணு."

"பத்துப் பேரு வந்து போயிட்டாங்க. பூங்கா வந்தா எங்க ஆளுங்களுக்குன்னு ஒரு மூலை ஒதுக்கச் சொல்லுங்கன்னு. இப்ப நீ எதுக்கு வந்த?"

தாய்மார்களே, மறைக்க மாட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன். "நாங்க எப்பவும் அடுப்பு வைக்கிற பம்புசெட்டுப் பக்கம் எங்களுக்கு விட்டாப் போதும்மா" என்றுதான் நானும் சொன்னேன்.

"நீ கேக்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றார் அம்மா. "பதினோரு துண்டு போட என் நிலம் எதுக்கு? விடுதி கட்டுறவன் திங்கக்கிழமை வரான், அவன்கிட்டயே குடுத்துடறேன். இல்லேன்னா வனபோஜனத்தன்னிக்கு எல்லாரையும் ஒரே பந்தியில உக்காத்தி வை. கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அந்த நாள் இன்று. பத்திரம் இதோ மேசையில். மூடி திறக்காத பேனா பக்கத்தில். இடையில் நிற்பது மதிலா? இல்லை. மாளிகையா? இல்லை. நீங்களும் நானும் அடுப்புக்கு ஒன்றாய்க் கயிறு கட்டித் தொங்கவிட்ட பதினோரு துணித் திரைகள்தான்.

எங்கள் திரையைக் காலையிலேயே அவிழ்த்துவிட்டேன். அதோ, பெரிய நெல்லி மரத்தடியில் பலாக்காய்க் கறிக் குண்டானோடு நிற்கிறாளே, அவள் என் மனைவி நூக்கரத்தினம். எங்கள் வீட்டுச் சமையலைப் பம்புசெட்டுக்கு இப்பால் கொண்டுவந்தது இதுவே முதல் தடவை. விடிந்ததிலிருந்து ஒன்றையே கேட்கிறாள்: "யாரும் இலை நீட்டலேன்னா என்ன பண்றது?"

பேச்சில் வல்லவன் என்று எனக்குப் பெயர், ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லிக் கைகூப்புகிறேன். நான் மேடையை விட்டு இறங்குகிறேன். இலையை எடுத்துக்கொண்டு எழுந்து வாருங்கள், அவள் காத்திருக்கிறாள்.